கழுவுவது வேறு, துவைப்பது வேறு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே போட்டுவிடுவீர்கள் என்று பயந்து, முகவரியை அலுவலகத் தட்டச்சுக்காரரிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். பதினோரு வருடம் கழித்து எழுத உட்கார்ந்தவன் முதலில் செய்த காரியம் இதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை விஷயமாக எழுதுகிறேன். நான் இப்போது வேதாகமத் திருத்தக் குழுவில் இருக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பை எபிரெய மூலத்தோடு வைத்துப் பார்த்து, வரி வரியாகச் சரிசெய்கிற வேலை. ஒரு நீள மேசை, ஆறு பேர், ஆளுக்கு நாலு அகராதி. ஐம்பத்தோராம் சங்கீதத்தில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நிற்பது என்னால்தான். மற்ற ஐந்து பேரும் எப்போதோ தாண்டிப் போகத் தயார்.

எபிரெயத்தில் கழுவுவதற்கு ஒரே சொல் கிடையாது. கை, கால், முகம், உடம்பு இதையெல்லாம் கழுவ ‘ராஹட்ஸ்’ என்று ஒரு சொல். துணிக்கு ‘காபாஸ்’ என்று வேறு சொல். காலால் மிதித்து, அடித்து, காரம் போட்டு அழுக்கை வெளியே தள்ளுவது அது. இந்தச் சங்கீதத்தில் ராஜா தன்னைச் சுத்தமாக்கும்படி கடவுளிடம் கேட்கிறான். மனிதன்தானே, உடம்புக்குரிய சொல்லைத்தான் போட்டிருக்க வேண்டும். அவன் துணிக்குரிய சொல்லைப் போடுகிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘கழுவி’ என்று இருக்கிறது. நம்மிடமும் இரண்டு சொல் இருக்கிறதே. யாரும் முகத்தைத் துவைப்பதில்லை, சட்டையைக் கழுவுவதில்லை. அதனால் ‘துவைத்து’ என்று மாற்ற வேண்டும் என்கிறேன்.

துவைக்கும்போது துணிக்கு என்னதான் நடக்கிறது என்று தலைவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மேசையில் சொந்தச் சட்டையைத் துவைத்தவர்கள் யாரும் இல்லை. நீங்கள் இருபது வருடமாக நம் சபை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருக்கிறீர்கள். நேரம் கிடைத்தால் நாலு வரி எழுதுங்கள்.

பழைய விஷயங்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று இருக்கிறது. இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். அத்தான் எப்படி இருக்கிறார்? நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

அச்சடித்த முகவரியைப் பார்த்து ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து வந்தது என்று நினைத்துத்தான் பிரித்தேன். உன் வேலை பலித்தது.

கேட்டதற்குச் சொல்கிறேன். வார்டுகளிலிருந்து துணி மூட்டையாக வரும். கையுறை போட்டுக்கொண்டு பிரிப்போம். ரத்தம் தனி, மலம் தனி, வெறும் வியர்வை தனி. ரத்தம் பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் நூலுக்குள் வெந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எந்தக் காரம் போட்டாலும் பழுப்பு போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். சீக்கிரம் போக வேண்டும் என்று அவசரப்பட்டுச் சுடச்சுட ஊற்றுவார்கள்.

அதற்குப் பிறகு சோடா, சூடு, உருளை. உருளை சுற்றும்போது துணி மேலே போய்க் கீழே விழும். விழுந்து அடிபட்டு அடிபட்டுத்தான் அழுக்கு விடும். வடிகட்டியைத் திறந்தால் கை நிறையப் பஞ்சு இருக்கும். அது அழுக்கு இல்லை, துணியேதான். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் துணி கொஞ்சம் செத்துத்தான் வெளியே வருகிறது. நூறு தடவை துவைத்த விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தால் உன் முகம் தெரியும். உன் ராஜாவுக்கு இது தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

அடுத்தது பிழியும் எந்திரம். அதைப் பற்றி நீ கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். ஈரத் துணியைப் போட்டு மூடினால் வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறும். சுற்றி முடிக்கும் வரை மூடி திறக்கக் கூடாது, அதற்கு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு உடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த உன் அத்தான் பழுதுப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதினார். நான்காவது வாரம் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தார். நின்றுவிட்டது மாதிரி இருந்ததாம். நிற்கவில்லை. ஒரு விரிப்பின் முனை மணிக்கட்டில் சுற்றியது. வலது கை தோளோடு போனது. நான் அடுத்த அறையில் மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு காகிதம் வந்தது. ‘நான் குடித்துவிட்டு வேலைக்கு வந்தேன், பூட்டை நானே கழற்றினேன்’ என்று அவரே சொன்னதாக வாக்குமூலம். குடியையே தொடாத மனிதர். எழுதியது ஆஸ்பத்திரி அலுவலகக் கிளார்க். அந்தக் கிளார்க் நீ. அடுத்த ஜூனில் சபை நிர்வாகம் உன்னை எபிரெயம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பியது. உன் இரண்டு சொல்லையும் நீ அங்கேதான் கற்றுக்கொண்டிருப்பாய்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். நவம்பர் பதினேழாம் தேதியிலிருந்து எப்படியும் இல்லை. நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனார். நீ விசாரித்ததாக யாரிடம் சொல்ல?

நாலு வரி கேட்டாய். கூடவே எழுதிவிட்டேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன். அத்தானைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் புத்தக அறைக்குள் போய் நின்றேன். யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள்? சொல்கிற மாதிரி நான் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

வேலை விஷயம் என்று எழுதினேன். பாதி பொய். மூன்று வாரமாக அந்த வரியை விட்டு நகர முடியாததற்குக் காரணம் இலக்கணம் இல்லை.

அந்தச் சங்கீதத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ராஜா மாடியிலிருந்து ஒரு பெண் குளிப்பதைப் பார்க்கிறான். அங்கே ராஹட்ஸ். அவளை வரவழைக்கிறான். அவள் கர்ப்பமாகிறாள். புருஷன் படைவீரன், போரில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொள் என்கிறான் ராஜா. மறுபடியும் ராஹட்ஸ். பிள்ளை புருஷனுடையது என்று ஆகிவிடும் அல்லவா? அவன் போகவில்லை. அப்போது அவன் கையிலேயே ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறான். இவனைப் போர் கடுமையாக இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள் என்று எழுதிய கடிதம். அவன் சாகிறான். இவ்வளவுக்கும் பிறகு பாடுகிறபோதுதான் ராஜா சொல்லை மாற்றுகிறான். மேலே தண்ணீர் ஊற்றினால் போகாது என்று தெரிந்துவிட்டது. என்னை மிதி, அடி என்கிறான். நான் அந்த இடத்தில் நிற்கிறேன் அக்கா.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எழுத வேண்டியதை அவர் சொன்னார், நான் எழுதினேன். நடுவில் நிறுத்தினேன். அவர் சத்தம் போடவில்லை. “உங்க அக்காவும் இங்கதானே வேலை பாக்குறாங்க. அத மனசுல வச்சுக்கிட்டு எழுதுப்பா” என்றார். அத்தானின் கை போய்விட்டது, உன் வேலையும் போய்விட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைத்தான் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

எனக்காகச் செய்தாயா? நல்லது. பதினோரு வருடமாக உன் புண்ணியத்தில்தான் வேலை பார்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சங்கீதத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். நீ உன் அகராதியில் ஒரு சொல்லைத் தோண்டிக்கொண்டிருக்கிறாய். இரண்டு வரி தள்ளி இருப்பது உன் கண்ணில் படவில்லையா? உமக்கு ஒருவருக்கே தப்புச் செய்தேன் என்று கடவுளிடம் சொல்கிறான் ராஜா. ஒருவருக்கேவா? செத்தவனை என்ன செய்தான்? பாட்டு முழுக்கத் தேடினேன். அந்தப் படைவீரன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அழுக்குப் போக வேண்டும், பனியை விட வெண்மையாக வேண்டும், எலும்பெல்லாம் சந்தோஷப்பட வேண்டும். எல்லாம் தனக்கு, தனக்கு. உனக்கு ஏன் இந்தப் பாட்டு பிடித்தது என்று புரிந்தது.

நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். உன் அத்தான் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். போட வேண்டிய கைதான் இல்லை. மருந்து மயக்கத்தில் கிடந்தவரின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் அமுக்கினது மேலாளரா, நீயா?

நான் அன்றைக்குச் சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அவர் இடது கையைப் பிடித்தேன். நாலு விரலிலும் காய்ந்த ரத்தம் அப்படியே இருந்தது. கட்டைவிரல் மட்டும் பளிச்சென்று இருந்தது. சோப்பு வாசனை அடித்தது. நகக்கண்ணில் மட்டும் ஊதா மை. நான் கறை பார்க்கிறவள். எனக்குத் தெரியாமல் போகுமா? நீ சரியாகக் கழுவவில்லை தம்பி. அந்தக் கழுவலுக்கு எபிரெயத்தில் எந்தச் சொல் என்று உன் குழுவில் கேட்டு எழுது.

அதற்குப் பிறகு அவர் இருந்த இருப்பை உனக்குச் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தானைப் பல்லால் கடித்து மாட்டப் பழகினார். தாடையில் விரிப்பை இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் மடித்துக் காட்டினார், மடிக்கும் வேலையாவது கொடுங்கள் என்று. குடிகாரனை எந்திரம் இருக்கிற இடத்தில் விட முடியாது என்றார்கள். போன இடமெல்லாம் அந்தக் காகிதம் அவருக்கு முன்னால் போய் நின்றது. சபையில் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அவருக்கு அது தெரியும்.

உன் மேலாளர் இப்போது உன் குழுவுக்குத் தலைவர். சபைப் பத்திரிகையில் படம் பார்த்தேன், அவருக்குப் பின்னால் நீ நிற்கிறாய். துவைக்கும்போது துணிக்கு என்ன ஆகிறது என்று கேட்டவர் அவர்தானே?

மன்னிப்புக் கேட்கிறாய். நடந்ததை முழுக்க எழுது. கட்டைவிரலையும் எழுது. அந்த நீள மேசையில், அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சத்தமாகப் படி. படித்துவிட்டு எனக்கு எழுது. அப்புறம் பார்க்கலாம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

படித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் ஓட்டினேன். ஒவ்வொரு காலையும் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவேன், அப்படியே திரும்பக் கொண்டுவருவேன். போன மாதம் முப்பதாம் தேதி தலைவர், “இன்னிக்காவது இந்தத் துவைக்கிற விஷயத்த முடிச்சிடலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். துவைத்து எடும் ஆண்டவரே என்று ஆராதனையில் வாசித்தால் பின்வரிசை இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அடி வாங்குகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அடி வாங்குகிற மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் காகிதத்தை எடுத்தேன்.

மூன்று பக்கம். கட்டைவிரலைப் பிடித்தது நான்தான். அவர் விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் அமுக்கிப் பிடித்தேன். அதையும் எழுதியிருந்தேன். பிறகு வாஷ்பேசினில் பஞ்சை நனைத்து வந்து துடைத்தேன், நீ பார்த்துவிடக் கூடாது என்று. அந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி அன்றைக்குப் பேச்சே இல்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். பேச்சு இருந்தது. விண்ணப்பத் தாள் அதே மேசையில்தான் இருந்தது. அதையும் படித்தேன்.

தலைவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும் பார்த்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. “பாவம், ரொம்ப நாளா ஒரே பாட்டுல உக்காந்திருக்கார். மனசு தளர்ந்துபோச்சு. அந்த மனுஷன் குடிப்பார்னு இவரோட அக்காவே எங்கிட்ட வந்து அழுதிருக்காங்க” என்றார். நான் மேசையில் ஓங்கித் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். அதற்கு முன்னால் வாக்கெடுப்பும் நடந்தது. ‘கழுவி’ அப்படியே இருக்கும். ஐந்து பேர் கை தூக்கினார்கள்.

மறுநாள் ஓய்வு எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கடுத்த நாள் இறையியல் கல்லூரியில் என் வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மாத முடிவில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். நான் படித்ததன் நகலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கும் உன் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு வரி பதில். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டனவாம். ஆஸ்பத்திரி பதில் போடவே இல்லை. ஆக, அத்தானின் பெயரில் இருந்த கறையை நான் ஒரு அங்குலம்கூடத் துடைக்கவில்லை. அதற்காவது ஆகும் என்று நினைத்திருந்தேன்.

என் மனைவிக்கு அதுவரை எதுவும் தெரியாது. அடுத்தவர் வாயால் தெரிய வேண்டாம் என்று அன்றைக்கு மதியமே வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்தையும் அவள் கையில் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே படித்தாள். “அந்த விரல அமுக்கின கையாலதான் நம்ம பொண்ணுக்குச் சோறு ஊட்டினீங்களா?” என்று மட்டும் கேட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகளுக்கு ஆறு வயது. அவளுடைய ஒரு செருப்பு இங்கேயே கிடக்கிறது, அவசரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப்போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் உன் மேல் பழியாக எழுதவில்லை. நீ சொன்னதைச் செய்தேன். நான் அங்கே வரலாமா? ஒரு நாள் போதும். அத்தானை வைத்த இடத்தைக் காட்டு. உன் வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன், உள்ளே கூப்பிட வேண்டியதில்லை.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். உங்கள் அச்சகத்தில் வேலை செய்கிறவரின் மச்சினி எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளையில் நிற்கிறாள். அவள் வந்து சொன்னாள், ஒருத்தர் மேசையைத் தட்டி அழுதாராம் என்று. அன்றைக்கு நான் இரண்டு டீ குடித்தேன். வழக்கமாக ஒன்றுதான்.

நான் உன் தலைவரிடம் போய் அழுதேன் என்று அவர் சொன்னதற்காக மேசையைத் தட்டினாயே, அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

உன் அத்தான் இடது கையால் எழுதப் பழகினார். முதல் வருடம் தன் பெயர் மட்டும் வந்தது, அதுவும் கோணல்மாணலாக. பிறகு வரி வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அவர் எழுதிய முதல் முழுக் கடிதம் யாருக்குத் தெரியுமா? உனக்கு. காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை எழுதினார். ‘தம்பி, அன்னிக்கு எழுதினது உன் கைதான், உன் மனசு இல்லேன்னு எனக்குத் தெரியும். எனக்கு வருத்தம் போயிருச்சு. அக்காவுக்கும் போயிரும். ஒரு தடவ வந்துட்டுப் போ.’ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். அவ்வளவுதான் கடிதம். உறைக்குள் போட்டு ஒட்ட ஒற்றைக் கையால் முடியாது. என்னிடம் கொடுத்து, ஒட்டிப் போட்டுவிடச் சொன்னார்.

மறுநாள் வேலைக்குக் கொண்டுபோய்க் கொதிகலன் அடுப்பில் போட்டேன்.

அப்படி மூன்று கடிதம். மூன்றும் அதே அடுப்பில்.

அவர் மன்னித்துவிட்டால் நான் யார் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் கைதான் போனது. எனக்கோ நடந்ததை நினைத்து நினைத்து அந்தக் கோபத்தைத் தவிர வேறு எதுவுமே மிஞ்சவில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டு உன்னை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

ஆக, நீ இப்போது கேட்கிற மன்னிப்பு உனக்கு நாலு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. கொடுக்க வேண்டியவரே கொடுத்துவிட்டார். நீ எந்த மேசையிலும் படித்திருக்க வேண்டாம். உன் வேலை போயிருக்க வேண்டாம், உன் வீட்டுக்காரி போயிருக்க வேண்டாம். இதையெல்லாம் தெரிந்துதான் உன்னைப் படிக்கச் சொன்னேன். நீ உருளைக்குள் விழுந்து எழுந்து அடிபடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்துவிட்டேன்.

வராதே.

அக்கா


மே 1

அக்கா,

குடியிருப்பைக் காலி செய்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். புத்தகங்களைக் கட்டிவைத்த பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. அத்தான் என்னை வரச்சொன்னார் என்ற ஒன்றே போதும் என்று இருந்தது. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாவது நாள் வேறு ஒன்று தோன்றியது. அதை உன்னிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் என்னிடமிருந்து பதில் வரவில்லை. நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் அவர் என்ன நினைத்திருப்பார்? அவ்வளவு செய்த பிறகும், அவர் இறங்கி வந்து கூப்பிட்ட பிறகும், இவன் ஒரு வரி எழுதவில்லையே என்றுதானே? அடுப்பில் போட்டது எனக்கு வந்த கடிதத்தை என்று எழுதுகிறாய். எனக்கு வந்தது இல்லை அது. அவர் எழுதியது. முதுகு வளைய ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இடது கையால் அவர் எழுதியது.

நான் அவர் விரலை அமுக்கினேன். அவர் மயக்கத்தில் இருந்தார். நீ செய்தபோது அவர் விழித்திருந்தார், உன்னை நம்பிக் கொடுத்தார்.

எனக்கு ஒன்றை மட்டும் சொல். பதில் வந்ததா என்று அவர் உன்னிடம் கேட்பார்தானே? கேட்காமல் இருக்கிற ஆள் இல்லை. கேட்டபோது நீ என்ன சொன்னாய்?

நான் வரவில்லை. இதற்கு மட்டும் எழுது.

தம்பி


மே 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் எடுத்துப் படித்துவிட்டு மடித்து வைக்கிறேன். பொய் எழுதலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். நீ கண்டுபிடிக்கவா போகிறாய்?

எங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். முதல் கடிதம் கொடுத்த பிறகு உன் அத்தான் தினமும் பத்தரைக்கே சவரம் செய்துகொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நீயே நேரில் வந்துவிடுவாய் என்று நினைத்தாரோ என்னவோ. சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நான் காலை வேலைக்குப் போகிற நாட்களில் இது எனக்குத் தெரியாது. விடுமுறை நாட்களில் பார்ப்பேன். பார்த்துக்கொண்டு அரிசி களைவேன்.

கேட்டார். கேட்காமல் இருப்பாரா? விலாசம் மாறியிருக்கும் என்றேன். வெளிநாட்டுக்குப் போயிருப்பான் என்றேன். இரண்டாவது கடிதத்துக்கும் மூன்றாவது கடிதத்துக்கும் இதையே மாற்றி மாற்றிச் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

நவம்பர் பதினாறாம் தேதி மதியம் அவருக்கு மூச்சு இழுத்தது. தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அந்த ஆஸ்பத்திரிக்கு. கொஞ்சம் கஞ்சி குடித்தார். குடித்துவிட்டு, “தம்பிகிட்டேர்ந்து ஒண்ணும் வரலையா?” என்றார்.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாகிற நேரத்திலும் உன் பெயரைத்தான் கேட்கிறாரே என்று வந்தது. பதினோரு வருடம் அவருக்கு உடம்பு துடைத்து, பொத்தான் மாட்டி, சோறு பிசைந்து கொடுத்தது நான். கேட்பது உன்னை.

“வந்துச்சு. கிழிச்சுப் போட்டேன்” என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். “என்ன எழுதியிருந்தான்?”

“நீங்க அன்னிக்குக் குடிச்சிருந்தது நெசந்தானாம். இனிமே எழுத வேணாம்னு எழுதியிருந்தான்.”

அவர் கோபப்படவில்லை. “அவனுக்குத் தெரியுமே” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, “அவனுக்குத் தெரியுமேம்மா” என்றார். உலகத்தில் உண்மை தெரிந்த ஆள் நீ ஒருத்தன் இருக்கிறாய் என்றுதான் அத்தனை வருடமும் அவர் மூச்சை வைத்துக்கொண்டிருந்தார் போல. எனக்கு அது அப்போது புரியவில்லை. நான் நம்பியது அவருக்குப் போதாது, நான் மனைவி. பார்த்தவன் நீ.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பொய் சொன்னேன் என்று சொல்ல அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினேன், போர்வையை மாற்றினேன், இரண்டு தடவை அவர் தோளைத் தொட்டேன். சொல்லவில்லை.

உன்னை ஒரு மேசையில் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். எனக்கு அப்படிப் படிக்க ஒரு இடமும் இல்லை. யாருக்குச் செய்தேனோ அவர் இல்லை. அந்த ராஜா ஏன் கடவுளை மட்டும் கூப்பிட்டான் என்று இப்போது தெரிகிறது. வேறு யாரும் மிச்சமில்லை, அதனால்தான்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. காலை வேலையை மாற்றிக்கொண்டேன். இனி மதியத்துக்கு மேல்தான் போகிறேன். பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

அக்கா